ஆண்டிறுதிச் சுற்றறிக்கையில் 'ஆசிரியர் நலன்' என்று ஒரு பத்தி: என்னதான் எழுதுவது?

பிறை டீச்சர்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் பள்ளி மூடுகிறது. ஆண்டிறுதிச் சுற்றறிக்கையை என்னையே எழுதச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். கூடவே, "இந்த வருஷம் ஆசிரியர் நலன் பற்றியும் ஒரு பத்தி போட்டுவிடுங்கள் டீச்சர்" என்றார்.

சுற்றறிக்கை பெரிய வேலையில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடவாரியாக 1 முதல் 6 வரை அடைவுநிலையைப் பதிவது, நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை யுவாசா என்ற ஆண்டிறுதித் தேர்வு மதிப்பெண், புறப்பாட மதிப்பெண், இரவல் பாடநூல்களைத் திரும்ப வாங்கி எண்ணி அடுக்குவது, பரிசளிப்பு விழா, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பிரியாவிடை, வகுப்பறைத் தளவாடக் கணக்கு, அடுத்த வருஷப் பணிப்பகிர்வுக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் தேதி போட்டு முடித்துவிட்டேன். அத்தனைக்கும் கீழே "உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணிக்கொள்ளுங்கள்" என்று எழுதப் போனால் எனக்கே சிரிப்பு வருகிறது. போன வருஷம் இதே நலனுக்காகச் சனிக்கிழமை காலையில் ஸும்பா வைத்தார்கள். வந்தவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தத் தவணையில் மருத்துவ விடுப்பு கூடியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு டீச்சர், நன்றாகக் கலகலவென்று இருந்த பெண், ஆசிரியர் அறையில் பேசுவதையே நிறுத்திவிட்டார். உங்கள் பள்ளியில் கடைசி வாரங்களை நிஜமாகவே இலகுவாக்கியது எது? செய்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

செந்தூல் சார்:

அந்தப் பத்தியை எழுதவே வேண்டாம் டீச்சர். மேலே இருக்கும் பட்டியலில் இரண்டு வேலையை வெட்டுங்கள், ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

நாங்கள் முதலில் கைவைத்தது பாடநூலில். முன்பெல்லாம் வகுப்பாசிரியர் ஒரு வாரம் முழுக்க "கணிதப் புத்தகம் எங்கேப்பா, அறிவியல் எங்கேப்பா" என்று கேட்டே தொண்டை வற்றிப்போவார். இப்போது பெற்றோர் அடைவறிக்கை வாங்க வரும் நாளிலேயே புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்கிறோம். கொண்டுவராதவருக்கும் அறிக்கை உண்டு, அதில் கறார் காட்டவில்லை, ஆனாலும் பெரும்பாலான புத்தகங்கள் அன்றே வந்துவிடுகின்றன. அப்புறம் பரிசளிப்பு விழா. மதிப்பெண் வராமல் எப்படிப் பரிசு என்று எல்லாரும் கேட்டார்கள். வருகை, நன்னடத்தை, புறப்பாடம், போட்டிகளுக்கான பரிசுகளை முன்கூட்டியே மேடையில் கொடுத்துவிட்டோம், பாடத்துக்கான சான்றிதழை வகுப்பாசிரியர் வகுப்பிலேயே கொடுத்தார். நாற்காலி அடுக்குவது, பந்தல், ஒலிபெருக்கி, தலைமை விருந்தினருக்கு மாலை என்ற தலைவலியெல்லாம் கடைசி வாரத்தை விட்டுப் போனது.

மூன்றாவது புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு. இரவு பதினொன்றுக்கு "நாளை காலைக்குள்" என்று ஒரு படிவம் வந்து விழும், பார்த்தால் தூக்கம் போய்விடும், பார்க்காவிட்டால் காலையில் திட்டு. மாலை 6-க்குமேல் குழுவில் எதுவும் போடுவதில்லை, நிஜமான அவசரம் என்றால் போன் என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் தாமே அதைக் கடைப்பிடித்ததால்தான் நிலைத்தது. அவர் மீறியிருந்தால் மறுநாளே செத்திருக்கும்.

உங்கள் தலைமையாசிரியர் தயங்கினால், 2023-ல் கல்வியமைச்சர் ஃபட்லினா சிடேக் ஆசிரியர் பணிச்சுமையைக் குறைக்க 7 நடவடிக்கைகளை அறிவித்ததை நினைவூட்டுங்கள். வேலையைக் குறைப்பது அமைச்சே சொன்ன விஷயம், நம் சோம்பேறித்தனம் இல்லை.

நிபோங் திபால்:

செந்தூல் சார் சொல்வது பெரிய பள்ளிக்குச் சரி. எங்களுடையது தோட்டத்துப் பள்ளி, 150-க்கும் குறைவான பிள்ளைகள், மாணவர் குறைந்த பள்ளி என்ற கணக்கில் வருகிறோம். இங்கே நூலகப் பொறுப்பாசிரியரும் விளையாட்டுச் செயலாளரும் பாடநூல் பொறுப்பாளரும் ஒரே ஆள், அந்த ஆள் நான்தான். வெட்டிவிட்டு யாரிடம் கொடுப்பது?

பிரியாவிடையிலும் கைவைக்காதீர்கள். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-ல் போனபிறகு ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு "முடித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு நாள்தான். எங்கள் பெற்றோரில் சிலர் சம்பளத்தை இழந்து அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எரிச்சல் தருவது விழா இல்லை. பிரமுகருக்கு எந்த நாள் ஒழியும் என்று கடைசிவரை காத்திருந்து, மூன்று தடவை தேதி மாற்றி, அழைப்பிதழை மறுபடி அச்சடிப்பதுதான். இந்த முறை பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையே திறந்துவைக்கச் சொல்லிவிட்டோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

சின்னப் பள்ளியில் நடக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். மதிப்பீட்டுப் பதிவுக்கு எல்லாரும் கடைசி நாள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் இணையத்தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு இரண்டு பேராக நேரம் பிரித்து, பதிவு செய்பவரின் வகுப்பை மற்றவர்கள் சேர்த்துப் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அன்று திடலில் விளையாட்டு, அவர்களுக்கும் கொண்டாட்டம். யாரும் வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

ஆபீஸ் அக்கா:

எல்லாரும் ஆசிரியர் நலன், ஆசிரியர் நலன் என்கிறீர்கள், அலுவலகத்தில் இருக்கும் எங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லையே. பள்ளி விடுமுறை உங்களுக்குத்தான். நாங்கள் விடுப்பு எடுத்தால்தான் விடுமுறை, இல்லாவிட்டால் ஆளில்லாத பள்ளியில் போன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2022 முதல் 2024 வரை பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்கியது, 2025-ல் பிப்ரவரி. அப்போதெல்லாம் பள்ளி மும்முரமும் பணக் கணக்கு மும்முரமும் கொஞ்சம் விலகி இருந்தன. இப்போது 2026-ல் ஜனவரிக்கே திரும்பிவிட்டதால், பழையபடி இரண்டும் ஒன்றாக வந்து மோதுகின்றன. டிசம்பர் 31-க்குள் கணக்கை மூட வேண்டும். கடைசி நாளில் ஒரு டீச்சர் பையிலிருந்து ஜூலை மாத ரசீதை எடுத்து நீட்டுவார், மை பாதி அழிந்திருக்கும், "அக்கா, எப்படியாவது பாருங்களேன்" என்பார். எப்படிப் பார்ப்பது? பணம் போனால் அவருக்கும் வருத்தம், எனக்கும் கெட்ட பெயர். சுற்றறிக்கையில் எல்லாவற்றுக்கும் மேலே ரசீது ஒப்படைக்கும் தேதியைப் போடுங்கள், தடித்த எழுத்தில்.

ஆலோசக ஆசிரியர், செராஸ்:

வேலைக் குறைப்பு பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பேச்சு நின்றுபோன டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன், எனக்கு உங்கள் கேள்வியில் அதுதான் உறுத்துகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் இருக்கும் மன அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் போனால் வரும் நிலை என்றது. தெம்பு முழுக்க வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் வெறுப்பும் வருவது, நான் செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும்தான் அடையாளம். பேச்சு குறைவது இதில் இரண்டாவதாகவும் இருக்கலாம், வீட்டில் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நாம் முடிவு செய்ய வேண்டாம்.

தயவுசெய்து அவரை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து "என்னம்மா பிரச்சினை" என்று கேட்காதீர்கள். துணைத் தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்றாலே பாதி ஆசிரியர்களுக்கு வயிறு கலங்கும், ஆண்டிறுதி மதிப்பீட்டுக் காலத்தில் கேட்கவே வேண்டாம். சிற்றுண்டிச்சாலையில் பக்கத்தில் உட்காருங்கள். "இந்த வாரம் உன் வகுப்புத் தளவாடக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா" என்றால் நம் ஆட்கள் எல்லாரும் "பரவாயில்லை டீச்சர்" என்றுதான் சொல்வார்கள்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப் போயிருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், விடுமுறை வந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்களைச் சுற்றறிக்கையின் அடியில் போடுவதோடு ஆசிரியர் கழிப்பறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள், யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேறு இடம் எது?

பிறை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இப்படி எழுதிக் கொண்டுபோனேன்:

"ரசீதுகள் இந்த வெள்ளிக்குள் அலுவலகத்தில் சேர வேண்டும். மதிப்பெண் பதிவு அடுத்த செவ்வாய் வரை, பள்ளி நேரத்திலேயே, நேரப் பட்டியல் இணைப்பில். பாடநூல் ஒப்படைப்பு அடைவறிக்கை நாளில். கடைசி மூன்று நாள் கூட்டம் கிடையாது. மாலை 6-க்குமேல் குழுவில் தகவல் வராது. வகுப்பறை அலங்காரப் போட்டி இவ்வாண்டு இல்லை."

நலன் என்ற சொல்லே அதில் இல்லை. தலைமையாசிரியர் படித்துவிட்டு அலங்காரப் போட்டியில் மட்டும் முகத்தைச் சுளித்தார், நீதிபதிகளைக் கூப்பிட்டாயிற்றாம். அதை அடுத்த ஆண்டு முதல் தவணைக்குத் தள்ளிவிடலாம் என்றதும் சரி என்றார். அந்த டீச்சரோடு இன்று சாப்பிட்டேன். அதிகம் பேசவில்லை, ஆனால் தளவாடக் கணக்குக் கோப்பை என் கையில் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் மதிய உணவு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், வாழையிலைச் சாப்பாடு, பேச்சு எதுவும் இல்லாமல்.

ஆபீஸ் அக்கா:

ரசீதை முதல் வரியில் போட்டதற்கு நூறு கும்பிடு. சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது காவலாளிகளையும் துப்புரவு அக்காமார்களையும் சேருங்கள் டீச்சர். அவர்கள் குத்தகை நிறுவனத்து ஆட்கள் என்பதால் பள்ளிப் பெயர்ப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் கண்டிப்பாகக் குறையும். சைவம் எத்தனை என்றும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.