பீட்டாவா, கேலா?

சனிக்கிழமை, இரவு 9:12

யாழினி: 'ஹங்கர் கேம்ஸ்' இரண்டாம் பாகம் 'கேட்சிங் ஃபயர்' முடித்துவிட்டேன். இப்படியா ஒரு புத்தகத்தை முடிப்பார்கள்? கடைசி வரியைப் படித்துவிட்டு இன்னும் ஏதாவது இருக்குமா என்று பின்னால் தேடிப் பார்த்தேன்.

கார்த்தி: வந்துவிட்டாயா அந்த இடத்துக்கு! 2009 செப்டம்பரில் வந்த உடனே படித்தவர்கள் மூன்றாவது பாகத்துக்கு 2010 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, என் அலமாரியிலேயே இருக்கிறது.

யாழினி: அண்ணா, அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடக்கூடாது.

பெரியம்மா: என்ன கதை யாழி அது? ரொம்ப நாளாக இதையே பேசிக்கொண்டிருக்கிறாய்.

யாழினி: பெரியம்மா, வட அமெரிக்கா இருந்த இடத்தில் பிற்காலத்தில் உருவான பானெம் என்று ஒரு நாடு. தலைநகரம் கேபிடல். அதற்கு அடங்கி 12 மாவட்டங்கள். முன்பு கிளர்ச்சி செய்ததற்குத் தண்டனையாக வருடாவருடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பையன், ஒரு பெண், 12 முதல் 18 வயதுக்குள் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் கொல்லும் போட்டியில் விடுவார்கள். எல்லாம் டிவியில் நேரடி ஒளிபரப்பு. முதல் பாகத்தில் காட்னிஸ், பீட்டா இரண்டு பேரும் காதலர்களாக நின்று உயிரோடு தப்பிவிடுவார்கள். கேல் என்று காட்னிஸோடு வேட்டைக்குப் போகும் நண்பன் ஒருவனும் உண்டு. இது அதற்கு அப்புறம் நடப்பது.

பெரியம்மா: 12 வயதா? நம் நிலா வயது ஆயிற்றே.

முரளி மாமா: அதனால்தான் அக்கா நானும் இந்தப் பேச்சைக் கவனிக்கிறேன். நிலா முதல் பாகத்தை முடித்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தோழிகள் டீம் பீட்டா, டீம் கேல் என்று இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்களாம். கொடுக்கலாமா என்று பார்க்க நானே படித்தேன். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாதிப் புத்தகம் ஜெயித்ததைக் கொண்டாட ரயிலில் ஊர் ஊராகப் போகிறார்கள், விருந்து சாப்பிடுகிறார்கள். பிறகு மறுபடியும் அதே களம், அதே கொலை. முதல் பாகத்தை இன்னொரு தடவை படித்த மாதிரி இருந்தது.

யாழினி: மாமா!! அதே களம் இல்லை. இந்தத் தடவை போவது முன்பு ஜெயித்தவர்கள். போட்டியின் 75-வது வருடம் என்பதற்காகப் பானெம் அதிபர் ஸ்னோ அறிவிக்கும் தனி விதி அது. இனி உங்களை யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்து, வீடும் கொடுத்து உட்கார வைத்தவர்களையே திரும்ப இழுக்கிறார்கள். காட்னிஸின் 12-வது மாவட்டத்தில் ஜெயித்து உயிரோடு இருக்கும் பெண் அவள் ஒருத்திதான். அங்கே சீட்டுக் குலுக்குவதே வெறும் நாடகம்.

சுதா சித்தி: அண்ணா, நீங்கள் மெதுவாகப் போகிறது என்று சொன்ன அந்த ரயில் பகுதிதான் எனக்கு உயிர். பீட்டாவா கேலா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்தக் காதல் ஓர் உத்தரவு. ஸ்னோ அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, கேல் முத்தம் கொடுத்தது எனக்குத் தெரியும் என்கிறான். பீட்டா மேல் உனக்கு இருப்பது உண்மைக் காதல் என்று ஊரை மட்டுமல்ல, என்னையும் நம்ப வை என்கிறான். அதற்கு அப்புறம் அவள் பிடிக்கும் ஒவ்வொரு கையும், கொடுக்கும் ஒவ்வொரு முத்தமும் அம்மா, தங்கை, கேல் குடும்பம் எல்லோருடைய உயிருக்கும் கட்டும் பணம். இப்படி மாட்டிக்கொண்ட பெண்ணிடம் போய் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று எப்படிக் கேட்பது? அவளுக்கே அதை யோசிக்க இடம் இல்லை.

சுதா சித்தி: ஆனால் அதே ரயிலில்தான் இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு பேருக்கும் ராத்திரி கெட்ட கனவு. அவள் அலறி எழும்போது பீட்டா வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். வெறுமனே தூங்குகிறார்கள். அங்கே கேமரா கிடையாது, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பொய்யாக நடிக்கச் சொன்ன உறவுக்குள் ஓர் உண்மை தானாக முளைப்பதை ஆசிரியர் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். அதற்காகவே நான் இதை மூன்று பாகங்களிலும் சிறந்தது என்பேன்.

கார்த்தி: சித்தி சொல்வது சரி. பீட்டா டிவி பேட்டியில் கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தை உண்டாகியிருக்கிறது என்று சொல்லும் இடத்தில் அந்த உத்தரவே ஸ்னோவுக்கு எதிராகத் திரும்புகிறது. காதல் கதையை நம்புங்கள் என்று இத்தனை நாள் காட்டியதால் கேபிடல் மக்களே போட்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார்கள்.

யாழினி: எல்லாம் சரி, ஆனால் கேலுக்கு அநியாயம் நடக்கிறது. அவன் சுரங்கத்தில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் காட்டுக்கு வர முடிகிறது. ஒரு வான்கோழியை வேட்டையாடியதற்கு நடுச் சதுக்கத்தில் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கிறார்கள். அதைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு பட்டவனுக்குக் கதையில் கிடைக்கும் பக்கங்கள் எவ்வளவு குறைவு! பீட்டாவைக் கூடவே களத்துக்கு அனுப்பிவிட்டு, கேலை ஊரிலேயே விட்டுவிட்டால் போட்டி எப்படிச் சமமாகும்?

சுதா சித்தி: அதை ஒத்துக்கொள்கிறேன் யாழி. அந்தச் சாட்டையடிக் காட்சிக்குப் பிறகுதான் காட்னிஸ் ஓடிப்போகும் எண்ணத்தை விடுகிறாள். அவ்வளவு பெரிய திருப்பத்தைக் கொடுத்தவனை அப்புறம் ஓரமாக வைத்தது குறைதான்.

பெரியம்மா: இதில் பெரியவர்கள் யாருமே இல்லையா?

கார்த்தி: இருக்கிறார்கள் அம்மா. மேக்ஸ் என்று 80 வயதுப் பாட்டி. பேச்சுகூடச் சரியாக வராது. ஆனி என்ற மனநிலை பாதித்த இளம்பெண்ணின் பெயர் சீட்டில் வர, அவளுக்குப் பதிலாகத் தானே முன்வந்து களத்துக்குப் போகிறாள். விஷ மூடுபனி துரத்தும்போது பீட்டாவால் நடக்க முடியவில்லை. ஃபின்னிக் என்ற இளைஞன் மேக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், இரண்டு பேரையும் தூக்க அவனால் முடியாது. அவள் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நேராக அந்தப் பனிக்குள் நடந்துபோய்விடுகிறாள்.

பெரியம்மா: தாயே. இதைப் படித்துக் காட்டு எனக்கு, ஞாயிற்றுக்கிழமை வரும்போது.

முரளி மாமா: அந்த இடம் என்னையும் உலுக்கியது, மறுக்கவில்லை. ஆனால் முடிவு? பாதிப் போட்டியாளர்கள் சேர்ந்து ரகசியத் திட்டம் போட்டிருந்தார்கள் என்று கடைசிச் சில பக்கங்களில் கொட்டுகிறார்கள். அதுவரை ஒன்றுமே சொல்லவில்லை.

கார்த்தி: மாமா, சொல்லியிருக்கிறார்கள். விருந்தில் போட்டியை நடத்தும் புளூட்டார்க் தன் சட்டைப்பைக் கடிகாரத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும், காட்னிஸின் அடையாளமான மாக்கிங்ஜே பறவையைக் காட்டுகிறானே, களமே கடிகாரம் என்று அப்புறம்தான் தெரிகிறது. களத்துக்குள் வரும் ரொட்டியும் அப்படித்தான். 3-வது மாவட்டத்து ரொட்டி என்றால் மூன்றாம் நாள், 24 ரொட்டி என்றால் 24-வது மணி. கதை முழுக்க காட்னிஸ் வாயால் வருகிறது, அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

யாழினி: எனக்குக் கோபமே அதில்தான். அவளிடம் சொல்லவே இல்லை! அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஹேமிட்ச் கூட. பீட்டாவைக் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பீட்டா கேபிடல் கையில். ஸ்னோ அவளை ஒரு விதமாகப் பயன்படுத்தினான், இவர்கள் இன்னொரு விதமாக. அவள் ஹேமிட்ச் முகத்தைக் கீறியதில் எந்தத் தப்பும் இல்லை.

சுதா சித்தி: நீ சொன்னதுதான் சரியான படிப்பு. இந்தக் கோபத்தோடேயே மூன்றாவதைத் தொடங்கு.

கார்த்தி: இன்னொன்று. 11-வது மாவட்டத்தில் கூட்டம் மூன்று விரலை உயர்த்தி காட்னிஸுக்கு மரியாதை செய்யும், விசில் அடித்த முதியவரைச் சுட்டுக்கொல்வார்கள் இல்லையா? 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்தில் இளைஞர்கள் அதே மூன்று விரலைத் தெருவில் உயர்த்தினார்கள், கைது செய்யப்பட்டார்கள். 2021-ல் மியான்மரிலும். அங்கே யாரும் டீம் பீட்டா, டீம் கேல் என்று சண்டை போடவில்லை.

முரளி மாமா: இது எனக்குத் தெரியாது கார்த்தி. சரி, கேள்விக்கு வருகிறேன். நிலாவுக்குக் கொடுக்கலாமா?

சுதா சித்தி: கொடுங்கள் அண்ணா. முதல் பாகத்தைத் தாங்கியவள் இதையும் தாங்குவாள். சாட்டையடி, அந்த முதியவர், காட்னிஸின் உடை வடிவமைப்பாளர் சின்னாவை அவள் கண்ணெதிரே அடிப்பது, இந்த மூன்று இடங்களில் மட்டும் பக்கத்தில் இருங்கள். குழந்தை உண்டாகியிருப்பதாகச் சொல்வது போட்டியை நிறுத்தச் சொன்ன பொய் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள்.

யாழினி: மாமா, அந்த ரயில் பகுதி பிடிக்கவில்லை என்று மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவளே படித்துப் பார்க்கட்டும்.

முரளி மாமா: சொல்லமாட்டேன். நானே அதை இன்னொரு தடவை படிக்கிறேன். புத்தகத்தை நிலாவிடம் கொடுத்துவிட்டால் எனக்கு எதுவும் இருக்காது, உன் பிரதியைக் கொண்டு வா யாழி.