ஒத்திசைவா, சேர்துடிப்பா?

ஜெலுத்தோங் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பள்ளியில அறிவியல் வாரம் வருது, ஆறாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு கருவுல இதயம் எப்படித் துடிக்க ஆரம்பிக்குதுன்னு ஒரு பேனர் செய்றேன், கடைக்காரர் வெள்ளிக்கிழமை காலையில ஃபைல் வேணும்னுட்டாரு. ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன். கோழிக்கருவோட இதய உயிரணுக்களைத் தனித்தனியா பிரிச்சுத் தட்டுல விட்டா ஒவ்வொண்ணும் அதனதன் வேகத்துல துடிக்கும், ரெண்டு ஒண்ணை ஒண்ணு தொட்டு ஒட்டிக்கிட்டா ஒரே தாளத்துக்கு வந்துடும். இதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? மலாய்ல செகெராக்னு ஒரே சொல்லுல முடிச்சிட்டாங்க. நான் ‘ஒத்திசைவுத் துடிப்பு’ன்னு போட்டிருக்கேன், மனசு ஒப்பல.

பிறை ஐயா:
ஒத்திசைவு வேண்டாம்மா. ஒரு அதிர்வு இன்னொண்ணைக் கூட அதிர வைக்கிற ரெசொனன்ஸுக்கும் சிலர் அதைத்தான் எழுதுறாங்க, கைப்பேசியில சிங்க் பண்றதுக்கும் அதேதான். உடன் + துடிப்பு நல்லாருக்கும். நன்னூல் விதிப்படி பொன்+தீது பொன்றீது ஆகுற மாதிரி இது உடன்றுடிப்புன்னு வரணும். அப்புறம், துடின்னா வெறும் நடுக்கம் இல்ல, சங்க காலத்துல அது ஒரு பறை, அடிக்கிறவன் துடியன். துள், துளும்பு, துடி மூணும் ஒரே வேர்தான்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்றேன். அரிஸ்டாட்டில் மூணாம் நாள் கோழி முட்டையை உடைச்சுப் பார்த்து, உயிருள்ளது மாதிரி துள்ளுற ரத்தப் புள்ளின்னுதானே இதயத்தைப் பத்தி எழுதினாரு.

பாயான் லெப்பாஸ்:
ஐயா, பழைய பாட்டுல ‘உடன்று’ன்னா சினந்துன்னு பொருள், அது வேண்டாமே. எனக்கு அந்தத் தொட்டுக்கிறதுதான் முக்கியம். உயிரணுச் சவ்வுல கானெக்சின் புரதம் ஆறாறா வட்டமா நின்னு குழாய் மாதிரி அமையுது, அடுத்த உயிரணுவோட குழாயோட வாய்க்கு வாய் பொருந்தினா மின்னூட்டம் உள்ள அயனிங்க இங்கேருந்து அங்க ஓடும், மின்துடிப்பு அப்படித்தான் பரவுது. அதோட நிக்கல. 2016ல வந்த ஒரு ஆய்வுல எலிக்குட்டியோட இதய உயிரணுவை மெத்துன்னு இருக்கிற படுகையில ஒட்டவிட்டு, அதைத் தொடாமலே பக்கத்துல படுகையை மட்டும் ஊசியால தாளகதியில இழுத்து இழுத்து விட்டாங்க. உயிரணு ஊசியோட வேகத்துக்கு மாறிடுச்சு, ஊசியை நிறுத்தின பிறகும் அதே தாளம்! ரெண்டு கடிகாரம் தற்செயலா ஒரே நேரம் காட்டினாலும் ஒத்திருக்குதுன்னுதான் சொல்வோம். இங்க பிடிச்சுக்கிட்டதாலதான் தாளமே வருது. அதனால ‘சேர்துடிப்பு’. வினைத்தொகை, வல்லினம் மிகாது, தயவுசெஞ்சு சேர்த்துடிப்புன்னு அச்சடிச்சிடாதீங்க.

ஆயிர் ஈத்தாம்:
நான் இலக்கணம் படிச்சவன் இல்ல, உருமி மேளம் அடிக்கிறவன். தைப்பூசத்துக்கு இங்க பினாங்குல தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது புதுப்பையன் முதல்ல தனியா ஓடுவான், யாரும் கையசைச்சு சொல்லமாட்டோம், பக்கத்துல இருக்கிறவன் குச்சியைப் பார்த்துக்கிட்டே நாலு சுத்துல வந்து ஒட்டிக்குவான். தாளம் பிடிச்சிட்டான்னு சொல்வோம். பிள்ளைங்களுக்கு இதுதான் உடனே புரியும் லா.

பிறை ஐயா:
தம்பி, பேச்சுக்கு அழகா இருக்கு, கலைச்சொல்லா எப்படி நிக்கும்? ‘தாளம் பிடித்த உயிரணுக்கள்’னு எழுதினா படிக்கிறவன் பாட்டுன்னு நினைப்பான். சேர்துடிப்புல எனக்கு மறுப்பு இல்ல, ஆனா சேர்ங்கிற சொல்லுக்கு பழைய எடை அளவுன்னும் ஒரு பொருள் இருக்கு, அதையும் யோசிங்க.

ஜெலுத்தோங் டீச்சர்:
மணி 11 ஆச்சு. தனியா எழுதினவங்களையும் சேர்த்து எண்ணிட்டேன், அஞ்சு பேர் ஒத்திசைவுத் துடிப்பே போதும், பெற்றோருக்கும் பழகின சொல்லுன்னு சொல்றாங்க, சேர்துடிப்புக்கு மூணு பேர். தலைப்புல ஒத்திசைவுத் துடிப்பு போடறேன், படத்துக்குக் கீழ ‘ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாளம் பிடிக்கின்றன’ன்னு ஒரு வரி.

பாயான் லெப்பாஸ்:
சரி டீச்சர், அனுப்பிடுங்க. அந்தக் கீழ் வரி இருக்கிறதால நான் இன்னைக்கு விடுறேன். ஆனா வரிக்குதிரை மீன் கருவுல சுமார் 20 மணி நேரத்துல முதல் துடிப்பு வரும்போதே எல்லா இதய உயிரணுவும் ஒண்ணாத்தான் துடிக்குது, அதைப் பார்க்கிற பிள்ளைக்கு ‘ஒத்திசைவு’ பாதிதான் சொல்லும். என் ஓட்டு சேர்துடிப்புக்குன்னே இருக்கட்டும்.