இத்தாலியின் ஃபுளோரன்ஸ்: இன்னும் மனசை விடாத ஒரு காட்சி, சொல்லுங்கள்

மழைக்குருவி:
டேவிட் சிலையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. எனக்கு உறுத்துவது இன்னொசென்ட்டி அருங்காட்சியகம். அதுதான், கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1419இல் கட்ட ஆரம்பித்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றை இழுத்தேன், பாதியாக வெட்டிய பதக்கம். பிள்ளையை விட்டுப்போகிறவள் மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வாளாம். என்றாவது வந்து இரண்டையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம். இந்தப் பாதி இங்கேயே கிடக்கிறதென்றால் அவள் வரவே இல்லை, அவ்வளவுதானே? அடுத்ததை இழுக்கக் கை வரவில்லை.

பழுப்புத்தாள்:
மழைக்குருவி, அப்படி முடிவு கட்டாதீர்கள். வறுமையில் விட்டுவிட்டு, பிறகு வந்து கூட்டிப்போன பெற்றோரும் உண்டு.

என் கதை சாந்தா குரோச்சே தேவாலயத்தில். ஓவியர் சிமாபுவேயின் சிலுவை ஓவியம். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் வண்ணம் பாதிக்கு மேல் போய்விட்டது, தெரிந்ததுதான். ஆனால் நேரில் இயேசுவின் அந்த முகத்தைப் பார்க்க மனசு தாங்கவில்லை. பழுதுபார்த்தவர்கள் வண்ணம் போன இடங்களில் புதிதாகப் படம் எழுதவில்லை, மெல்லிய வண்ணக் கீற்றுகளை மட்டும் இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மனைவியிடம், "அரைகுறை வேலை" என்றார். அவரோடு சண்டைக்கே போயிருப்பேன்.

ஊர்சுற்றி_மாமா:
அவர் சொன்னதில் என்ன தப்பு? 13ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் 1970களின் கீற்று எதற்கு? பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்திருக்கலாமே.

எனக்கு சிக்னோரியா சதுக்கம். துறவி சவோனரோலாவை 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்த இடத்தில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. முந்தின வருஷம் அதே சதுக்கத்தில் ஊர்க்காரர்களின் கண்ணாடி, நகை, படம், புத்தகம் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்த வைத்தவர். கல்லின்மேல் நின்று ஒரு பையன் பிஸ்தா ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தான். அந்த மனுஷன் பார்த்திருந்தால்!

அப்புறம், போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை உஃபிஸி, அகாதெமியா அருங்காட்சியகங்கள் இரண்டும் மூடியிருக்கும். கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. முன்பதிவில் நேரம் குறித்துத்தான் விடுவார்கள், முட்டிவலி இருந்தால் கீழேயே நில்லுங்கள். கதீட்ரலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் நிற்காதீர்கள். சான் மார்கோ மடத்தை யாருமே சொல்லவில்லையே? மாடிப்படி ஏறியதுமே எதிரில் துறவி ஓவியர் ஃப்ரா ஆஞ்செலிகோவின் ஓவியம், உள்ளே சவோனரோலாவின் அறை. கூட்டமும் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள்.