எல் கலாஃபாத்தேயில் மூன்று இரவு: அம்மாவால் முடியுமா?

கேள்வி:
ஜனவரியில் அர்ஜென்டினாவின் எல் கலாஃபாத்தேக்குப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. பெரித்தோ மொரேனோ பனியாற்றை அவரால் அருகில் பார்க்க முடியுமா?

பதில் 1:
தாராளமாக முடியும். ஊரிலிருந்து சுமார் 80 கி.மீ., பஸ் இருக்கிறது. பனியாற்றுக்கு நேர் எதிரே நடைபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மேல் மேடையிலேயே அம்மாவை உட்கார வைத்துவிடுங்கள். இறங்குவது சுலபம், திரும்பிப் படியேறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். பனியாறு ஏரியில் வந்து முடியும் இடம் ஒரு பனிச்சுவர்போல் நிற்கும், அதன் அகலம் ஏறத்தாழ 5 கி.மீ. நான் போனபோது துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஓசை. திரும்புவதற்குள் பனிப்பாளம் தண்ணீரில் விழுந்து முடிந்திருந்தது. ஓசை வந்தபின் தேடாதீர்கள். விரிசல் விழுந்து, நீலம் தெரியும் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். எனக்கு இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை வாய்த்தது. பனிமேல் நடக்கும் பயணத்துக்கு வயது வரம்பு உண்டு, அம்மாவுக்கு அது வேண்டாம்.

பதில் 2:
காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஜனவரி அங்கே கோடைதான், ஆனாலும் என் தொப்பி இப்போது ஏரியில் எங்கோ மிதக்கிறது. காதை மூடும் குல்லாய் எடுத்துச் செல்லுங்கள். ஊருக்குள்ளேயே லகூனா நீமெஸ் சரணாலயம் இருக்கிறது. பூநாரைகளைப் பார்க்கலாம், பாதையும் சமதளம். மலையேற்றத்துக்குப் பேர்போன ஊரான எல் சால்தென் 200 கி.மீ.க்கு மேல், ஒரே நாளில் போய்த் திரும்புவது அம்மாவுக்குத் தண்டனை.

கேட்டவர்:
நன்றி. எல் சால்தெனை விட்டுவிட்டோம். குல்லாய் பின்ன அம்மா நூல் வாங்கிவிட்டார்.