திருட்டுப் புகார் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது, துப்பறியும் பிரிவில் என்னதான் நடக்கிறது?

நிலவன்_கா எழுதியது:

வணக்கம். ஐந்து வாரத்துக்கு முன் நாங்கள் இரண்டு நாள் வீட்டில் இல்லாதபோது, பின்பக்க ஜன்னலை நெம்பித் திறந்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். மடிக்கணினி, கேமரா, அம்மாவின் மோதிரம் மூன்றும் போய்விட்டன. மோதிரத்தின் உட்பக்கம் அப்பா பெயரின் முதல் எழுத்து பொறித்திருக்கும். அம்மா இப்போது இல்லை. மற்ற இரண்டும் போனால் போகட்டும், மோதிரத்தை அப்படி விட மனம் வரவில்லை.

முதல் நாள் வந்த காவலர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுநாள் ஒருவர் வந்து ஜன்னலில் கறுப்புப் பொடி தூவிப் பார்த்தார். வழக்கு துப்பறியும் பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினார், அதோடு சரி. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

குறை சொல்ல வரவில்லை. அந்த மேசையில் என் கோப்பு என்ன ஆகிறது, நான் சும்மா காத்திருக்க வேண்டுமா, செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகலா_இரா எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே மாதிரி நடந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. நீங்கள் விடாமல் கூப்பிடுங்கள்.

பழைய_கோப்பு எழுதியது:

நிலவன், நான் இருபத்தாறு வருடம் காவல்துறையில் இருந்தவன். அதில் பத்தொன்பது வருடம் துப்பறியும் பிரிவு, பெரும்பாலும் வீடு புகுந்த திருட்டுகள். உங்கள் அதிகாரியின் மேசையை நான் பார்த்ததில்லை. ஆனால் என் மேசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காலையில் முந்தைய நாளின் புகார்கள் ஒரு கட்டாக வரும். மேலதிகாரி ஒவ்வொன்றையும் படித்துப் பிரிப்பார். யாராவது பார்த்தார்களா? பெயர் தெரியுமா? வண்டி எண் உண்டா? போன பொருளுக்கு வரிசை எண் இருக்கிறதா? ரேகை கிடைத்ததா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்று பதில் இருந்தால் அந்தத் தாள் மேலே வரும். எதற்கும் பதில் இல்லையென்றால் அடியில் போகும். உங்கள் அம்மாவின் மோதிரம் அவருக்கு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் முப்பது கோப்பு இருப்பவர் நகரக்கூடியதைத்தான் முதலில் நகர்த்துவார். பறிகொடுத்தவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் போன தாள்களின் சொந்தக்காரர்களிடம் நான் நேரில் பேசியிருக்கிறேன்.

அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1975-ல் குற்றப் புலனாய்வு பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ஒரு வழக்கில் துப்பு துலங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பாதிக்கப்பட்டவர் முதலில் வந்த காவலரிடம் சொல்லும் தகவல்தான் என்று அதில் கண்டார்கள். துப்பறிவாளர்கள் பலருக்கு அப்போது அது பிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்தபோது எனக்கும் பிடிக்கவில்லை. பத்து வருடம் போன பிறகு, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு வழக்கு சொல்கிறேன். ஒரே மாதத்தில் அடுத்தடுத்த தெருக்களில் நான்கு வீடு, நான்கிலும் ஜன்னலை நெம்பியிருந்தார்கள். மரச்சட்டத்தில் பதிந்திருந்த பள்ளத்தைக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். விரல் நக அகலம் இருக்கும். அதன் இடது ஓரத்தில் கடுகளவு ஒரு மேடு. திருப்புளியின் முனையில் ஒரு மூலை உடைந்திருந்தால்தான் அப்படிப் பதியும். நான்கு வீட்டிலும் அச்சு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், நான்கிலும் அதே மேடு. ஒரே கருவி என்று தெரிந்தது. ஆனால் யாருடைய கருவி என்று அது சொல்லாதே.

மூன்றாவது வீட்டுக்கு எதிரே ஒரு பாட்டி இருந்தார். அவரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று, "சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று. இல்லை என்றார், நான் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது முறை போனபோது கேள்வியை மாற்றினேன். "அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், நிதானமாகச் சொல்லுங்கள்" என்றேன். குறுக்கே பேசவில்லை. துணி காயப்போட்டது, பூனைக்குப் பால் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மீட்டர் பார்க்க வந்த பையன் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன் என்றார். அப்புறம் அவரே நிறுத்தி, "ஆமாம், இந்த மாதம் அவன் இரண்டாவது தடவையாக வந்தான்" என்றார்.

மீட்டர் பார்க்கும் பையன் யாருக்கும் சந்தேகப்படும்படி தெரியமாட்டான். அதனால் என் முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதில் முழு உண்மை. தப்பு என் கேள்வியில் இருந்தது. இப்படி நினைவைத் தூண்டிக் கேட்கும் முறையை 1980-களில் கீசல்மேன், ஃபிஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். சாட்சியை அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்கு மனதளவில் திரும்ப அழைத்துப்போய், அவரையே பேச விடுவது. பல நாடுகளில் இப்போது இதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அந்தப் பையனின் கருவிப்பையில் மூலை உடைந்த திருப்புளி இருந்தது. பாட்டி சொன்னதும் பள்ளத்தின் அச்சும் சேர்ந்த பிறகுதான் வழக்கு நிமிர்ந்து நின்றது.

அப்புறம், அவர் ஏன் உங்களிடம் எதுவும் சொல்வதில்லை என்று கேட்பீர்கள். பாதிக் காரணம் நேரமின்மை. மீதிப் பாதி, யார் மேல் சந்தேகம் என்று உங்களிடம் சொல்லி, நீங்கள் அதை இன்னொருவரிடம் சொல்லி, கடைசியில் அந்த ஆள் நிரபராதி என்று தெரிந்தால் அவர் வாழ்க்கையை யார் திருப்பித் தருவது? ஒருமுறை பழைய குற்றப்பதிவு உள்ள ஒருவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. என் தோழர் ஒருவர் அதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது. திருடியவர் அவர் இல்லை. போய் மன்னிப்புக் கேட்டேன், கதவைத் திறக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. மடிக்கணினியின் வரிசை எண் அதன் பெட்டியிலோ ரசீதிலோ இருக்கும். கேமரா பெட்டி இல்லையென்றால், அதில் எடுத்த பழைய படக்கோப்பு ஏதாவது வைத்திருப்பீர்கள். பல கேமராக்கள் தங்கள் வரிசை எண்ணைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும், கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். அம்மா மோதிரம் போட்டிருக்கும் படம் ஒன்று தேடுங்கள், கை மட்டும் தெரிந்தால்கூடப் போதும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், வழக்கு எண்ணை மேலே போட்டு, எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போகும், தாளில் வந்தால் கோப்பில் ஏறும். அடுத்த முறை கூப்பிடும்போது "என்ன ஆச்சு" என்று கேட்காதீர்கள். "வரிசை எண்கள் திருட்டுப்பொருள் பட்டியலில் ஏறிவிட்டதா?" என்று கேளுங்கள். அதற்கு அவர் எழுந்துபோய்ப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஊதா_ரேகை எழுதியது:

அந்தக் கறுப்புப் பொடி பற்றி நான் சொல்கிறேன், கைரேகைப் பிரிவில் வேலை செய்கிறேன். பொடி தூவினால் ரேகை தெரிவதற்குப் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். கண்ணாடியில் வரும், சொரசொரப்பான மரத்தில் பெரும்பாலும் வராது. காகிதம் என்றால் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைப் போடுவோம், வியர்வையில் இருக்கும் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ரேகை ஊதா நிறத்தில் எழும்பி வரும். வந்த ரேகையும் பாதிக்கு மேல் வீட்டுக்காரர்களுடையதாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் எல்லோருடைய ரேகையையும் கழிப்பதற்காக எடுத்தார்களா? எடுக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், அதனாலேயே பல வழக்கு தாமதமாகிறது.

1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு அதிகாரிகள் ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு உழைத்தார்கள். பெயர் நிலைத்தது அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. கணினி வருவதற்கு முன் பல நாடுகளில் ரேகை அட்டைகளை அடுக்கித் தேடியது அந்த முறையில்தான். இன்றைக்குக் கணினி சில நிமிடத்தில் பொருந்தக்கூடியவற்றை எடுத்துத் தருகிறது. ஆனால் இதுதான் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் உருப்பெருக்கியோடு உட்கார்ந்து கோடு கோடாக ஒப்பிடுவது நாங்கள்தான். அதை இன்னொருவர் மறுபடி சரிபார்க்க வேண்டும். அவசரப்படுத்த முடியாத வேலை.

பழைய_கோப்பு எழுதியது:

ஊதா_ரேகை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆய்வகம் ஒரு பக்கம், மனிதர்கள் சொல்வது ஒரு பக்கம், இரண்டும் வேண்டும். இங்கிலாந்தில் மரபணுச் சோதனையை முதன்முதலாகக் கொலை வழக்கில் பயன்படுத்தியதைப் பாருங்கள். 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஓர் இளைஞன் அதில் ஒன்றை ஒப்புக்கொண்டே விட்டான். மரபணு ஆய்வாளர் அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்து, அவன் இல்லை என்று காட்டினார். பிறகு அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்களின் மாதிரியை எடுத்தார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில், காலின் பிட்ச்ஃபோர்க் என்பவனுக்குப் பதிலாகத் தான் போய் இரத்தம் கொடுத்ததாக ஒருவர் மதுக்கூடத்தில் சொன்னதைக் கேட்ட ஒரு பெண் காவல்துறையிடம் சொன்னார். அப்புறம்தான் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான், 1988-ல் தண்டனை. முதலில் ஒப்புக்கொண்ட அந்த இளைஞனை நான் அடிக்கடி நினைப்பேன். சோதனை இல்லாவிட்டால் அவன் கதி என்ன?

நிலவன்_கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேமரா எண் ஒரு பிறந்தநாள் படத்தின் விவரங்களில் அப்படியே இருக்கிறது! மடிக்கணினிப் பெட்டி பரணில் கிடைத்தது. எங்கள் ரேகையை யாரும் எடுக்கவில்லை, கேட்கப்போகிறேன். ஐயா, அக்கம்பக்கத்தில் நானே விசாரிக்கலாமா? இணையத்தில் பழைய கேமரா விற்பவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_கோப்பு எழுதியது:

இணையத்தில் பாருங்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஆனால் உங்களுடையது மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் படம்பிடித்து அதிகாரிக்கு அனுப்புங்கள். நீங்களாகப் போய் அந்த ஆளைச் சந்திக்காதீர்கள், தயவுசெய்து. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அக்கம்பக்கத்தில் பேசலாம். "இப்படி ஓர் ஆள் வந்தானா" என்று நீங்களே அடையாளம் சொல்லிக் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன சட்டை நிறம் அடுத்த நாள் அவர் நினைவில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அந்தச் சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது. அந்த இரண்டு நாளும் யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் காவலர் வந்தபோது எந்த வீடு பூட்டியிருந்தது என்றும் பாருங்கள். அந்தப் பட்டியலைக் கொடுத்தால் என் காலத்தில் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நிலவன்_கா எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு பக்கக் கடிதமும் அம்மாவின் கை தெரியும் படமும் அனுப்பினேன். நேற்று அதிகாரியே கூப்பிட்டார். எண்கள் இரண்டும் பட்டியலில் ஏறிவிட்டன. எங்கள் ரேகையை எடுக்க வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள். பின்பக்கத்துக்கு நேர் எதிரே இருக்கும் வீடு அன்றைக்குப் பூட்டியிருந்தது என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டில் இரவு வேலைக்குப் போகிறவர் பகலில் தூங்குவாராம், மணி அடித்தது கேட்டிருக்காது. அவரிடம் இதுவரை யாரும் பேசவில்லை. சனிக்கிழமை அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் போகிறேன் என்றார் அதிகாரி.