தொடு உணரியையும் தொடா உணரியையும் எதை வைத்துப் பிரிப்பது?

கேள்வி:
அறைக்குள் உலவிச் சிறு பொருள்களை எடுத்துவைக்கும் ரோபோ ஒன்றை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்துவருகிறோம். முன்புறத்தில் மோதலை அறிய, அழுந்தினால் இயங்கும் லிமிட் சுவிட்சும், தடைகளை அறிய எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி உணரியும், பொருளைப் பிடிக்கும் கிரிப்பரின் விரல்நுனியில் அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் எஃப்.எஸ்.ஆர். உணரியும், ரோபோவைத் தொட்டு நிறுத்த டி.டி.பி.223 பலகையும், சக்கரங்களில் சுழற்சியை அளக்கும் என்கோடரும் வைத்திருக்கிறோம். இவற்றைத் தொடு உணரி, தொடா உணரி என்று பிரித்து அறிக்கையில் எழுத வேண்டும். டி.டி.பி.223 மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலிருந்தும் விரலை அறிந்துவிடுவதால் அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. என்கோடரிலும் இதே குழப்பம்.

மறுமொழி 1:
உணரிக்குள் ஒளி இருக்கிறதா, காந்தம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கத் தொடங்கினால் குழப்பம் தீராது. அளவீடு கிடைக்க ரோபோவின் உடல் அந்தப் பொருளின்மீது பட்டாக வேண்டுமா என்பது ஒன்றே கேள்வி. ரூம்பா வகைத் துப்புரவு ரோபோக்களில் முன்தடுப்பு உள்வாங்குவதை ஓர் ஒளிக்கற்றை மறைபடுவதைக் கொண்டு அறிகிறார்கள். ஆனாலும் தடுப்பு சுவரில் இடித்தால்தான் அது நிகழும் என்பதால் அது தொடு உணரியே. அதே ரோபோவின் அடியில் படிக்கட்டு விளிம்பைக் கண்டுகொள்ளும் அகச்சிவப்பு உணரி தரையைத் தொடுவதில்லை, எனவே அது தொடா உணரி. எம்.ஐ.டி.யில் உருவான ஜெல்சைட்டில் இருப்பது கேமரா. அது பார்ப்பதோ பொருள் அழுந்துவதால் மென்கூழ்ப் பரப்பில் விழும் பதிவை. அதையும் தொடு உணரி என்றே வகைப்படுத்துகிறார்கள்.

என்கோடர் வெளியுலகை அளப்பதில்லை, ரோபோவின் சொந்தச் சக்கரச் சுழற்சியையே அளக்கிறது. அதை அகநிலை உணரி என்று தனியே எழுதிவிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்ன அளவுகோலின்படி டி.டி.பி.223 தொடா உணரிப் பக்கமே சாயும், ஏனெனில் அது அறிவது விரல் நெருங்கும்போது மாறும் மின்தேக்கத்தை (மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை), அழுத்தத்தை அன்று. கடையில் 'டச் சென்சார்' என்று விற்கிறார்கள் என்பதற்காக அதைக் கிரிப்பரில் பொருத்திவிடாதீர்கள். காய்ந்த வெற்றுப் பிளாஸ்டிக் குப்பியைப் பிடித்திருந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம்.

மறுமொழி 3:
இரண்டாம் மறுமொழியோடு பாதிதான் உடன்படுகிறேன். உங்கள் ரோபோவில் அந்தப் பலகை மனிதர் தொட்டு இயக்கும் பொத்தானாக மட்டுமே இருப்பதால், சூழலை அறியும் உணரிகளின் பட்டியலிலேயே அதற்கு இடம் தேவையில்லை என்பது என் கருத்து.

தேர்வாளர் பெரும்பாலும் கேட்கப்போவது, தொடா உணரி இருக்கும்போது சுவிட்ச் எதற்கு என்பதைத்தான். எச்.சி.-எஸ்.ஆர்.04 அனுப்பும் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி, 1 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்பச் சுமார் 5.8 மில்லிநொடி ஆகும். எனவே நிற்பதற்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. ஆனால் மெத்தென்ற திரைச்சீலை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சாய்ந்த பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடும், 2 செ.மீ.க்குள் வந்த பொருளின் அளவீட்டை நம்ப முடியாது. லிமிட் சுவிட்சுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை; ஆனால் இடித்த பிறகுதான் அது பேசும் என்பதால், தடுப்பு உள்வாங்கும் சில மில்லிமீட்டருக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ரோபோ ஓட முடியும்.

எஃப்.எஸ்.ஆர். தரும் எண்ணை எடையாக எழுதாதீர்கள். ஒரே விசைக்கும் ஒவ்வோர் எஃப்.எஸ்.ஆர். துண்டும் வேறு வேறு அளவீடு தரும். தொடர்ந்து அழுத்தினால் அளவீடு மெல்ல நகரும். 10 கிலோ ஓம் மின்தடையோடு மின்னழுத்தப் பகுப்பானாக இணைத்து, பிடித்ததா இல்லையா என்று அறியும் எல்லை மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.