பி.எட். படிக்கும்போது பிரசவம்: விடுப்பு உரிமையா, பிரின்சிபால் தயவா?

வைகைக்கரை:
தம்பி மனைவி ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறாவது மாதம் நடக்கிறது. "அட்டெண்டன்ஸில் தளர்வு எல்லாம் கிடையாது, இந்த வருஷம் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் ஃபீஸ் கட்டிச் சேர்ந்துகொள்" என்று வாயால் சொல்லிவிட்டார்கள். எழுதிக் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். படிக்கிற பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு என்று விதி ஏதாவது உண்டா? உண்டு என்றால் அது எல்லாப் படிப்புக்கும் கட்டாயமாக இருக்க வேண்டுமா, கல்லூரியின் முடிவுக்கு விடுவதுதான் சரியா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சட்டப்பட்டறை:
பிஎச்.டி. ஆய்வாளர்களுக்குத் தெளிவான விதி இருக்கிறது. ஆய்வுக் காலம் முழுவதிலும் ஒரு முறை 240 நாள் வரை பேறுகால விடுப்போ குழந்தை பராமரிப்பு விடுப்போ எடுக்கலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2016இல் கொண்டுவந்தது. 2022 விதிமுறைகளிலும் அது தொடர்கிறது.

சிக்கல் எல்லாம் இளநிலை, முதுநிலையில்தான். 2021 டிசம்பரில் யுஜிசி எல்லாத் துணைவேந்தர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மாணவிகளுக்குப் பேறுகால விடுப்பு கொடுக்க விதி வகுத்துக்கொள்ளுங்கள், வருகைப் பதிவிலும் தேர்வுப் படிவம் கொடுக்கும் தேதியிலும் சலுகை கொடுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். 'கேட்டுக்கொண்டார்கள்' என்பதைக் கவனியுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போனால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்வதும் கஷ்டம். 2018இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவி ஒருவருக்குப் பிரசவத்தால் வருகை 49 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. தேவை 70. டெல்லி உயர் நீதிமன்றம் தேர்வு எழுத அனுமதிக்கவில்லை, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அதே உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் மீரட் சௌத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்தின் எம்.எட். மாணவி வழக்கில், விடுப்பு மறுத்த உத்தரவை ரத்து செய்து 59 நாள் விடுப்பைப் பரிசீலிக்கச் சொன்னது. படிப்பா, பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இது நேராக உதவும். எம்.எட்., பி.எட். இரண்டுமே என்சிடிஇ (ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில்) விதிகளுக்குள் வருபவை.

கணக்கு வாத்தியார்:
ஓய்வுபெற்ற பேராசிரியன் நான். விதி என்று எழுதிவைக்க வேண்டாம் என்பது என் கட்சி. இதுவரை எத்தனையோ பெண்களுக்குச் சத்தமில்லாமல் உதவியிருக்கிறோம். துறைத் தலைவர் மனசு வைத்தால் அட்டெண்டன்ஸ் சரியாகிவிடும். விதி என்று வந்துவிட்டால் சான்றிதழ், கமிட்டி, கையெழுத்து என்று அந்தப் பெண்தான் அலைய வேண்டும்.

இன்னொன்று. என்சிடிஇ கணக்கில் பி.எட்.டுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், அதில் 80 சதவீத வருகை வேண்டும். அதாவது 40 நாள் வராமலே இருக்கலாம். சுகப்பிரசவம் என்றால் அதுவே ஓரளவு போதும்.

ஆய்வக_எலி:
40 நாள் போதும் என்று ஒரு ஆண்தான் சொல்வார், மன்னிக்கவும் ஐயா. சிசேரியன் ஆனால்? எட்டாம் மாதமே ரத்த அழுத்தம் ஏறிப் படுக்கச் சொன்னால்? அந்த 40 நாளில் காய்ச்சல், வளைகாப்பு, மாதாந்திரப் பரிசோதனை எல்லாம் சேர்ந்துதானே வரும்.

உங்கள் கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அதற்கு 90 சதவீத வருகை. வாரம் ஐந்து நாள் என்றால் எட்டு நாள்தான் விடுப்பு எடுக்க முடியும். பிரசவம் அந்த 16 வாரத்துக்குள் விழுந்தால் துறைத் தலைவர் எவ்வளவு மனசு வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

'சத்தமில்லாமல் உதவினோம்' என்பது யாருக்கு என்றும் யோசியுங்கள். துறைத் தலைவரிடம் தைரியமாகப் போய்ப் பேசத் தெரிந்தவளுக்கு. மற்றவள் டிசி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவள் உங்கள் நினைவில் இருக்க மாட்டாள்.

மல்லி_விருதுநகர்:
நான் ஒரு பெண்ணாகவே இதை எதிர்க்கிறேன். திட்டுங்கள், பரவாயில்லை.

எங்கள் பக்கம் பி.எஸ்சி. இரண்டாம் வருடத்திலேயே ஜாதகம் எடுத்துவிடுவார்கள். எனக்கும் எடுத்தார்கள். "டிகிரி முடியட்டும்" என்ற ஒரே பேச்சுதான் என்னைக் காப்பாற்றியது. படிக்கும்போது கல்யாணம் ஆனால் படிப்பு போய்விடும் என்ற பயம் அப்பாவுக்கு இருந்தது. அந்தப் பயம்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே வேலி. நாளைக்குக் காலேஜே பிரசவ லீவு தருகிறது என்றால் தரகர் வாயிலிருந்து முதலில் வரப்போவது என்ன? "அதான் லீவு தர்றாங்களே, கல்யாணத்தை முடிச்சிட்டுப் படிக்கட்டும்." ஆய்வாளருக்குக் கொடுங்கள், பி.எட்.டுக்கும் கொடுங்கள். 19 வயசுப் பெண் படிக்கிற இடத்தில் இதைக் கொண்டுவராதீர்கள்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவியை அரசு ஏன் 2022இல் மாதம் 1000 ரூபாய் படிப்பு உதவியாக மாற்றியது? கல்யாணத்துக்குக் காசு கொடுத்தால் கல்யாணம் நடக்கும், படிக்கக் கொடுத்தால் படிப்பார்கள் என்பதால்தானே.

சட்டப்பட்டறை:
இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே கனமான வாதம் இதுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வேலி தாண்டிப் போனவளை என்ன செய்வது? கல்யாணம் நடந்துவிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்தே "விசேஷம் ஏதும் உண்டா" என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எப்போது பதில் சொல்வது என்பது அவள் கையில் இல்லை. இவளைப் படிப்பிலிருந்து வெளியே தள்ளினால் அடுத்தவளுக்குப் பாதுகாப்பு என்கிறீர்கள்.

கேரளத்தைப் பாருங்கள். மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 18 வயது நிரம்பிய இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. மறு வருடம் மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் கொடுத்தது. திரும்ப வரும்போது புதிதாகப் பதிவு செய்யத் தேவையில்லை, மருத்துவச் சான்றைப் பார்த்துக் கல்லூரி முதல்வரே சேர்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகப் படி ஏற வேண்டியதில்லை என்ற அந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது.

மல்லி_விருதுநகர்:
கேரளத்தில் தரகர் பேசுவதும் எங்கள் ஊர்த் தரகர் பேசுவதும் ஒன்றா? "அடுத்தவளுக்குப் பாதுகாப்பு" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த அடுத்தவள் நான்தான்.

செவிலி_ஆசிரியை:
நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் நிலைமை வேறு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை, பட்டம் வாங்க மருத்துவமனைப் பயிற்சி நேரம் முழுக்க 100 சதவீதம். ஒரு மணி நேரம் குறைந்தாலும் செய்து முடிக்க வேண்டும். இதில் யாரும் தளர்வு கேட்காதீர்கள். ஊசி போடக் கற்றுக்கொள்ளாத ஒருத்தி வார்டில் நிற்பதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.

கர்ப்பிணியை டிபி வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் அனுப்ப முடியாது. நைட் டியூட்டி போட மனசு வராது. அவள் இடத்தில் இன்னொரு மாணவி நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் முணுமுணுப்பை நான்தான் கேட்கிறேன். விடுப்பு எத்தனை நாள் என்று மட்டும் பேசுகிறீர்கள், யாருக்கு எந்த வார்டு, எந்த நேரம் என்று ரோஸ்டர் போடுகிறவளை யாரும் நினைப்பதில்லை.

ஆய்வக_எலி:
டீச்சர், நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. நானும் வேதியியல் ஆய்வகம்தான். பென்சீன், ஃபார்மால்டிஹைடு பக்கம் கர்ப்பிணி நிற்கக் கூடாது. மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, பிறகு வந்து முடிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த பேட்ச் அதே வார்டுக்கு வரும்போது இவளும் வந்து விட்ட நேரத்தை முடிக்கட்டும். இப்போது நடப்பது என்ன? விட்டது எட்டு வாரம், திரும்பச் செய்யச் சொல்வது முழு ஆண்டு.

சட்டப்பட்டறை:
தளர்வு என்று எல்லோரும் ஒரே சொல்லில் பேசுகிறோம், அதற்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. 200 வேலை நாள், 60 நாள் விடுப்பு, 80 சதவீத வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு நாளை வந்த நாளாக எண்ணினால் அவள் உண்மையில் 100 நாள் வந்தால் போதும். மொத்த வேலை நாளிலிருந்தே 60ஐக் கழித்தால் மீதி 140, அதில் 112 நாள் வர வேண்டும். படிப்பின் தரம் என்று கவலைப்படுகிறவர்கள் இரண்டாவதைக் கேளுங்கள். எந்தக் கணக்கு என்று எழுதாமல் விட்டால் அலுவலகத்தில் இருக்கும் கிளார்க் முடிவு செய்வார்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழக விதியில் வருகைக் குறைவை மன்னிக்கும் எல்லை 65 சதவீதம். படிக்கும்போது கருவுற்ற திருமணமான மாணவிக்கு அது 55. அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் சான்று வாங்கி, 250 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

கடலூர்_கவி:
'திருமணமான' என்று இருக்கிறதே, கல்யாணம் ஆகாதவள் என்ன செய்வாள்? அவளுக்குக் கரு வளராதா? அரசு மருத்துவமனையில் அவளுக்கும் அதே வார்டுதான், அதே மருத்துவர்தான்.

கணக்கு வாத்தியார்:
அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே போட்டால் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும்.

கடலூர்_கவி:
எல்லா இடத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள், ஐயா.

டல்லாஸ்_முருகேசன்:
அமெரிக்காவில் இது 1972இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டத்துக்குள், அதாவது கல்வியில் பாலினப் பாகுபாடு கூடாது என்னும் சட்டத்துக்குள் அடங்கும். 1975 விதிகளிலேயே, மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம் வரை விடுப்பு கொடுக்க வேண்டும், திரும்பி வரும்போது விட்ட நிலையிலேயே சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. கல்யாணம் ஆனவளா என்ற கேள்வியே கிடையாது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பாதிப்பது அதிலேயே போய்விடும். இங்கே பாட்டி இல்லை. சட்டத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது ஊரிலேயே நன்றாக இருக்கிறது.

ஆய்வக_எலி:
பாட்டி இருக்கிறார், முருகேசன் அண்ணா, ஆனால் காலேஜ் விடுதிக்குள் பாட்டியை விட மாட்டார்கள். கைக்குழந்தையையும்தான். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வரும் பெண்ணுக்கு மதியம் மார் கட்டிவிடும். 2015இல் தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை திறந்தார்கள். பூட்டிக் கிடப்பதும் உண்டு, இருந்தாலும் அறை என்று ஒன்று இருக்கிறது. எத்தனை கல்லூரியில் பார்த்திருக்கிறீர்கள்? கழிவறையில் நின்று பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றுகிறார்கள்.

பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஊழியர்தான் வருவார்கள், மாணவி வர மாட்டாள். ஆசிரியை குழந்தைக்காக வைக்கும் காப்பகத்தில் மாணவியின் குழந்தைக்கும் ஒரு தொட்டில் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது இதுதான். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் பேறுகால விடுப்பு. அரசு கல்லூரிப் பேராசிரியைக்கும் அது உண்டு, கொடுக்க வேண்டியதுதான். அதே வகுப்பில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு அட்டெண்டன்ஸ் லேக்.

செவிலி_ஆசிரியை:
அவர் ஊழியர், இவர் மாணவி. விடுப்பில் போன பேராசிரியை இடத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் வந்து பாடம் நடத்துவார். மாணவிக்குப் பதில் யார் வந்து படிப்பார்கள்? பின்னால் வந்து முடிக்கட்டும் என்று எலி சொன்னதை மட்டும் ஏற்கிறேன். அதற்கும் ஆள் வேண்டும். இப்போது இருக்கிற ஆசிரியர்களை வைத்துக்கொண்டு அடுத்த பேட்சோடு பழைய பேட்ச் பெண்ணுக்கும் தனிப் பொறுப்பு என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மல்லி_விருதுநகர்:
மார்க் ஷீட் பற்றி யாரும் பேசவில்லையே. நவம்பர் தேர்வு வாரத்தில் பிரசவம் ஆனால் ஏப்ரலில் எழுதலாம், சரி. ஆனால் அது அரியர் கணக்கில்தான் சேரும். ரேங்க் போச்சு, அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவிலும் உட்கார முடியாது. லீவு கொடுத்துவிட்டு அரியர் போடுவதற்குப் பெயர் சலுகையா? நான் விதி வேண்டாம் என்ற கட்சியில்தான் இப்போதும் இருக்கிறேன். ஆனால் கொண்டுவந்தே தீருவீர்கள் என்றால் அந்தத் தேர்வை முதல் முயற்சியாக எண்ண வேண்டும்.

வைகைக்கரை:
2023 தீர்ப்பையும் யுஜிசி கடிதத்தையும் நகல் எடுத்துப் பதிவுத் தபாலில் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பயிற்சி 16 வாரத்தைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கப்போகிறாள். தளர்வு என்ற சொல்லை மனுவில் எங்கும் எழுதவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

கணக்கு வாத்தியார்:
ஃபீஸ். நான் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட் கூட்டங்களில் உட்கார்ந்தவன், சொல்கிறேன் கேளுங்கள். விடுப்பு கொடுப்பதில் நிர்வாகத்துக்குப் பெரிய ஆட்சேபணை இருக்காது. திரும்ப வரும்போது முழு ஆண்டுக் கட்டணத்தையும் இன்னொரு முறை வாங்கலாம் என்ற ஆசைதான் 'அடுத்த வருஷம் வா' என்று சொல்ல வைக்கிறது. மீதிப் பயிற்சிக்குப் புதிதாகக் கட்டணம் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் மறுத்த தேதியைக் குறித்து வையுங்கள். விதி வேண்டாம் என்று நான் சொன்னது தனியார் கல்லூரியை மனதில் வைத்து இல்லை.

சட்டப்பட்டறை:
கட்டணம் பற்றிய அந்த வாக்கியத்தை மனுவில் முதல் பத்தியிலேயே போடுங்கள். மருத்துவரிடம் உத்தேசப் பிரசவத் தேதியோடு சான்று வாங்கி இணையுங்கள். தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் பத்திரம்.